மான்செஸ்டர் வரை ஒரு நோன்பு

கொண்டோட்டியில் மைமூனாவின் வீட்டுக்கு மேலே விமானம் வரும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கரிப்பூர்க் குன்றின் உச்சியில் ஓடுபாதை, குன்றின் அடியில் அவள் வீடு. கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தால்கூட அந்தச் சத்தம் தலைக்கு மேல் கடந்துபோகும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். பிறகு விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கு இறைச்சி வறுத்துக் கொடுப்பது மைமூனாவின் தொழில். தேங்காய்ப் பல்லும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து, ஈரம் துளியும் இல்லாமல் கறுக்க வறுத்து, ஆறவைத்து, பொட்டலம் கட்டி, மேலே பழுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றிக் கொடுப்பாள். வருகிறவர்களிடம் முதல் கேள்வி, "எந்த ஊருக்கு? எத்தன மணி நேரம்?" என்பதுதான். எவ்வளவு நேரம் பெட்டிக்குள் கிடக்கும் என்று தெரிந்தால்தான் எவ்வளவு வறுப்பது என்று முடிவு செய்ய முடியும். ஆனால் கேள்வி அதோடு நிற்காது. எந்த வழியாகப் போகிறது, கீழே கடலா மணலா, ஜன்னலைத் திறக்க முடியுமா, எத்தனை முறை சாப்பாடு போடுவார்கள் என்று நீண்டுகொண்டே போகும்.

"உன் பொட்டலம் வாங்க அஞ்சு நிமிஷம், உன் கேள்விக்குப் பதில் சொல்ல அரை மணி நேரம்" என்று பக்கத்து வீட்டு ஆமினா சொல்வாள். "பேசாம விமானத்துல ஏறிப் போயிட்டு வந்தா இதவிட சீக்கிரம் முடியும்."

மைமூனாவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அவள் கணவன் பீரான்குட்டியால்தான். ஜித்தாவில் ஒரு மருந்துக் கிடங்கில் அவன் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தான். முதல் முறை விடுமுறையில் வந்தபோது, ஜித்தா எவ்வளவு தூரம் என்று அவள் கேட்டாள். போகும்போது ஐந்தரை மணி நேரம், வரும்போது ஐந்துகூட இல்லை என்றான்.

"வேற வழியா வந்தீங்களா?"

"அதே வழிதான்."

"அப்ப அந்த அரை மணி நேரம் எங்க போச்சு?"

பீரான்குட்டி யோசித்தான். "தூங்கிட்டேன்" என்றான்.

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. அன்றிலிருந்து கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தாள். போகும்போது மனசு கனமாக இருக்கும், அதனால் நேரமாகிறது என்றாள் ஆமினா. மேடு ஏறிப் போகிறது, இறக்கத்தில் வருகிறது என்றார் மீன்காரர் ஆலிக்குட்டி. விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் ஒருவன், வரும்போது டிரைவருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம் இருக்காதா என்றான். மைமூனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எதையும் நம்பவில்லை.

பீரான்குட்டி வேலையை விட்டு ஊரோடு வந்து, கடைத்தெருவில் ஒரு டைல்ஸ் கடையில் கணக்குப் பார்க்க உட்கார்ந்துவிட்டான். அவளோ ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை. நாற்பத்தேழு வயதில்தான் அந்த வாய்ப்பு வந்தது. தங்கை சுஹராவும் அவள் கணவனும் மான்செஸ்டரில் இருந்தார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து சுஹரா கர்ப்பமாகியிருந்தாள். உம்மா இல்லாத வீடு. அக்காதான் பிரசவத்துக்கு வர வேண்டும். விசா வருவதற்குள் நாள் நெருங்கிவிட்டது. கிடைத்த டிக்கெட்டோ நோன்பு மாதத்தின் நடுவில்.

"யாத்திரை போறவங்களுக்கு நோன்பு கடமையில்ல" என்றான் பீரான்குட்டி. "அங்க போய் ஒரு நாள் சேத்து வச்சுக்க. காலையில நல்லா சாப்பிட்டுட்டு ஏறு."

மைமூனா மறுநாள் மதரசாவில் பிள்ளைகளுக்குப் பாடம் முடிந்து வெளியே வந்த உஸ்தாதை வழியில் பிடித்தாள்.

"சலுகை இருக்கு, எடுத்துக்க" என்று அவரும் அதையேதான் சொன்னார்.

"எடுத்துக்கலைன்னா தப்பா, உஸ்தாத்?"

"தப்பில்ல. உடம்புக்கு முடிஞ்சா வைக்கலாம்."

"அப்ப நோன்ப எப்ப திறக்கறது? நம்ம ஊரு பள்ளிவாசல் பாங்குக்கா, அந்த ஊரு பாங்குக்கா?"

"நீ எங்க இருக்கியோ அங்க சூரியன் அடையும்போது."

"நான் ஆகாயத்துல இல்ல இருப்பேன்? எனக்கு மேலயா கணக்கு, கீழ இருக்கிற ஊருக்கா?"

உஸ்தாத் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அவரும் விமானம் ஏறாதவர். "நீ கண்ணால பாக்கிற சூரியன்தான் உனக்குக் கணக்கு. அது உன் கண்ணுக்கு மறையுற வரைக்கும் பகல்தான்" என்றார். இரண்டடி போய்த் திரும்பி, "அதுவும் மேற்கால போறே. அது முன்னால ஓடும், நீ பின்னால ஓடுவே. யோசிச்சுக்க" என்றும் சொன்னார்.

அவர் எச்சரிக்கையாகத்தான் சொன்னார். மைமூனாவுக்கு அது ஆசை காட்டியது போல ஆகிவிட்டது. சூரியனுக்குப் பின்னால் ஓடினால் பகல் எவ்வளவு நீளும்? வாட்ச்சைப் பார்த்தோ அடுத்தவரைக் கேட்டோ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தன் வயிறே அளந்து சொல்லிவிடும்.

"நான் நோன்பு வச்சுட்டுத்தான் போறேன்" என்று பீரான்குட்டியிடம் சொன்னாள்.

"பக்தியாலயா, பிடிவாதத்தாலயா?"

"ரெண்டும் இருக்கு. பாக்கணும்னும் இருக்கு."

அவளோடு இருபத்தாறு வருஷம் வாழ்ந்தவன் அவன். பையில் ஒரு டப்பா பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்தான். "மயங்கி விழுந்தா பக்கத்துல இருக்கிறவன் எடுத்து வாயில போடட்டும்" என்றான்.

சஹருக்கு எழுந்து கஞ்சியும் பழமும் சாப்பிட்டு, இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்து, விடியலுக்கு முன் நோன்பைப் பிடித்துக்கொண்டாள். தோஹா வரை நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எழும்பியதும் கீழே தன் வீட்டுக் கூரையைத் தேடினாள். தென்னை மரங்கள்தான் தெரிந்தன, எந்த வீட்டுக்கும் கூரை இருப்பதாகவே தெரியவில்லை. அப்புறம் கடல், கடல், கடல். தோஹாவில் காத்திருந்து தொழுதுவிட்டு அடுத்த விமானத்தில் ஏறினாள். இடதுபக்க ஜன்னலோர இருக்கை கிடைத்தது.

பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவள் ஜீன்ஸும் கம்பளிச் சட்டையும் போட்ட ஒரு அறுபது வயதுப் பெண். வெயில் கொளுத்தும் ஊரில் கம்பளிச் சட்டை எதற்கென்று மைமூனா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "மலப்புரம் பக்கமா?" என்று மலையாளத்தில் கேட்டாள். பெயர் ஏலியம்மா, கோட்டயத்துக்காரி, லீட்ஸில் ஒரு மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். லீவு முடிந்து திரும்புகிறாள்.

"நோன்பா? இன்னைக்கா?" என்று வாயைப் பிளந்தாள். "இத்தா, நீங்க இறங்கற ஊர்ல ஒன்பதரை மணி வரைக்கும் வெயிலடிக்கும். தெரியுமா?"

"ராத்திரி ஒன்பதரையா?"

"ராத்திரின்னு நாம சொல்றோம். அங்க அதுவும் பகல்தான்."

மைமூனா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அது இன்னும் கொண்டோட்டி நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. ஆறேகால். இன்னும் அரை மணி நேரத்தில் ஊரில் அந்தி நேரத்து மஃரிப் பாங்கு. ஜன்னலுக்கு வெளியே வெயில் உச்சியிலிருந்து சற்றுதான் சரிந்திருந்தது, வெறும் சாயங்காலத் தொடக்கம் போல.

ஊரில் பாங்கு சொல்லும் நேரம் வந்தபோது அவளுக்குத் தொண்டை காய்ந்தது. பீரான்குட்டி இப்போது பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆமினா அரிசிப் பத்திரியும் கோழிக்கறியும் கொண்டுவந்து கொடுத்திருப்பாள். இங்கேயும் சாப்பாட்டு வண்டி வந்தது. ஏலியம்மா கோழி பிரியாணியின் மூடியைத் திறந்துவிட்டு, பிறகு பாதி மூடினாள்.

"எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

"நீங்க சாப்பிடுங்க சேச்சி. வாசனைய வச்சே உப்பு குறைச்சல்னு தெரியுது."

ஏலியம்மா ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். "ஆமாம்ப்பா" என்று சொல்லிவிட்டு முழுதும் சாப்பிட்டாள்.

முன் இருக்கையின் முதுகில் இருந்த சின்னத் திரையில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. விமானம் ஒரு வெள்ளைப் பொம்மையாகத் துருக்கியின் மேல் நின்றது. நகர்வதாகவே தெரியவில்லை. கீழே எழுத்துகள் மாறி மாறி வந்தன. மைமூனா ஒவ்வொன்றாக விரலால் தொட்டு அர்த்தம் கேட்டாள். இது உயரம், இது வெளியே குளிர், இது போக வேண்டிய தூரம் என்று ஏலியம்மா சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இது?"

"இது எதிர்க்காத்து. மணிக்கு எண்பது கிலோமீட்டர்."

"காத்தா? இவ்வளவு பெரிய வண்டிய காத்து என்ன பண்ணும்?"

"ஆத்துல வள்ளத்துல போயிருக்கீங்களா?"

"சாலியாறு தாண்டியிருக்கேன்."

"தண்ணி ஓடுற பக்கம் துழாவினா சீக்கிரம் போகும். எதிர்ல துழாவினா அதே தூரம், ஆனா கை ஓஞ்சு போகும். மேலயும் அப்படி ஒரு ஆறு ஓடுது. காத்து ஆறு. பெரும்பாலும் மேற்கேருந்து கிழக்கால. நான் வருஷாவருஷம் பாக்கிறேன், ஊருக்கு வரும்போது சீக்கிரம் வந்துடும், திரும்பிப் போகும்போது இழுக்கும்."

மைமூனா ஏலியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏன் பிடிக்கிறாள் என்று ஏலியம்மாவுக்குப் புரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக எத்தனை பேரிடம் கேட்டது. மேடு என்றார்கள், மனசு என்றார்கள், தூக்கம் என்றார்கள். காற்று என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பசியே தெரியவில்லை அவளுக்கு. ஜன்னலில் நெற்றியை வைத்து, அந்த ஆறு எங்கேயாவது கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்தாள். இறக்கை லேசாக நடுங்கியது. அவ்வளவுதான்.

கருங்கடலைத் தாண்டிய பிறகு தலைவலி ஆரம்பித்தது. சூரியன் இடது கன்னத்தில் அடித்துக்கொண்டே வந்தது. இறங்கவில்லை என்று சொல்ல முடியாது, இறங்கியது. ஆனால் மனமில்லாமல் இறங்கியது. கடிகாரம் ஊரில் இரவு பத்தரை என்றது. உதடு வெடித்து, எச்சில் விழுங்கவே கஷ்டமாக இருந்தது. எழுந்து கழிப்பறைக்குப் போய்வந்தபோது கால் ஒரு பக்கமாக இழுத்தது. ஏலியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

"இத்தா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. சலுகை குடுத்தவனே அவன்தானே. குடுத்தத வாங்கலைன்னா அவனுக்கும்தான் சங்கடம்."

மைமூனாவுக்குச் சிரிப்பு வந்தது. "எங்க உஸ்தாத்கூட இவ்வளவு நல்லா சொல்லல சேச்சி."

"அப்ப ஒரு வாய் ஜூஸ் குடிங்க."

"விழுந்துடுவேன்னு தோணுதா?"

ஏலியம்மா மறுபடி நாடியைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "இல்ல. நாடி நல்லா இருக்கு. முகம்தான் செத்த மீன் மாதிரி இருக்கு."

"அப்ப இன்னும் கொஞ்சம் பாக்கிறேன். தலை சுத்துச்சுன்னா நானே கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்."

ஏலியம்மா பணிப்பெண்ணைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். பணிப்பெண் முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்தாள். கேப்டனிடம் கேட்டாளாம். இந்த விமானம் தரையிறங்கும்வரை சூரியன் மறையாது, இறங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் அஸ்தமனம் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். கூடவே ஒரு பேப்பர் பையில் சாண்ட்விச்சும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுப்பியிருந்தார், மறைந்த பிறகு சாப்பிட. மைமூனா அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

ஏலியம்மா தட்டித்தான் எழுப்பினாள். இறங்கப் போகிறார்களாம். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் சாம்பல் நிறம். வெயில் இல்லை, சூரியன் இல்லை. மைமூனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மறைஞ்சிடுச்சா?"

கை தானாகப் பைக்குள் போய் பேரீச்சம்பழத்தை எடுத்தது. வாய் பிஸ்மி சொல்ல ஆரம்பித்துவிட்டது.

"நில்லுங்க, நில்லுங்க" என்றாள் ஏலியம்மா. "அது மேகம்."

அவள் சொல்லி முடிக்கும் முன்பே விமானம் மேகத்துக்கு அடியில் வந்துவிட்டது. பச்சை வயல்களும் செங்கல் வீடுகளும் தெரிந்தன. அவற்றின் மேல் மஞ்சள் வெயில் பக்கவாட்டில் பளீரென்று அடித்தது. மைமூனா பழத்தைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள், பழத்தைத் திரும்ப டப்பாவில் போட்டாள். ஏலியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள், முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

இறங்கியதும் ஏலியம்மா வேறு வரிசை. அந்த ஊர்க் குடியுரிமை உள்ளவர்களுக்கு வழி தனி. "அதிகாரி கேட்டா, தங்கச்சி, குழந்தைன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் கேக்காதீங்க. உங்க கேள்வியெல்லாம் அந்தாள் தாங்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மைமூனாவின் வரிசை பாம்பு போல வளைந்து வளைந்து நின்றது. நிற்க ஆரம்பித்துச் சற்று நேரம் கழித்துத்தான் அவள் அதைக் கவனித்தாள். அந்தக் கூடத்தில் ஜன்னலே இல்லை. நான்கு பக்கமும் சுவர், மேலே வெள்ளை விளக்கு. காலையிலிருந்து பத்தாயிரம் மைல் ஓடியது போல ஒரு களைப்பு. இத்தனை நேரம் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வந்த சூரியன், மறையப் போகிற நேரத்தில் கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டது. உஸ்தாத் சொன்ன கணக்கு இங்கே எப்படிச் செல்லும்? கண்ணால் பார்க்க வழியில்லையே. யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் பார்த்தாள்.

பின்னால் ஒரு வயதான பாகிஸ்தானியர் நின்றுகொண்டிருந்தார். அவரும் அடிக்கடி செல்போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் தன் வாயைக் காட்டி, கையை மேலே காட்டினாள். அவர் புரிந்துகொண்டு, இன்னும் ஏழு நிமிஷம் என்று ஏழு விரல்களைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் மூன்று விரல். பிறகு அவர் பையிலிருந்து, சத்தம் குறைத்து வைத்த செல்போனிலிருந்து, மெல்லப் பாங்கு கேட்டது.

அந்த வரிசையில் இத்தனை பேர் நோன்பாளிகள் என்று அவள் நினைக்கவேயில்லை. அங்கங்கே பைகள் திறந்தன. கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண், தொப்பி போட்ட ஒரு மாணவன், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. மைமூனா ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு டப்பாவை நீட்டினாள். அது கை மாறிக் கை மாறி வரிசையின் வளைவைச் சுற்றி அந்தப் பக்கம் போய், காலியாகத் திரும்பி வந்தது. கேப்டன் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். அது தொண்டையில் இறங்குவது வயிறு வரை தெரிந்தது. கண்ணில் நீர் வந்தது.

வரிசை நகரவில்லை. முன்னால் கூண்டுக்குள் இருந்த அதிகாரி, வெள்ளைத் தாடி வைத்த ஆள், அடுத்தவரைக் கூப்பிடக் கையைத் தூக்கியவர், அவர்கள் மெல்வதைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டார். தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடுவது போல இருந்தார். எல்லோரும் விழுங்கி முடித்த பிறகுதான் கூப்பிட்டார்.

வெளியே சுஹரா வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். "இத்தாத்தா" என்று கட்டிக்கொண்டாள். "நோன்பு வச்சுட்டா வந்தே? மச்சான் போன்ல சொன்னாரு. உனக்குப் பைத்தியமா?"

"இருபத்தோரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுடீ" என்றாள் மைமூனா. குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"பெரிய சாதனைதான்" என்றாள் சுஹரா. "இங்க இருக்கிறவங்களுக்கு இந்த மாசம் பூரா பத்தொன்பது மணி நேரம். வா, வந்து சாப்பிடு. அடுத்த சஹருக்கு அஞ்சு மணி நேரம்கூட இல்ல."

மைமூனா நடுவழியில் நின்றுவிட்டாள். பிறகு, பகல் அவ்வளவு நீண்டால் இரவு சுருங்கத்தானே செய்யும், அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றி, பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

மறுநாளும் நோன்பு பிடித்தாள். அன்று மாலை சமையலறை ஜன்னலருகே நின்று சூரியன் மறைவதைப் பார்த்தாள். ஊரில் அது கடலுக்குள் நேராக விழும். இங்கே வீட்டுக் கூரைகளின் மேல் சாய்வாகச் சறுக்கிக்கொண்டே போனது, எந்தக் கூரைக்குப் பின்னால் இறங்குவது என்று முடிவு செய்யாதது போல. ஏன் இப்படி என்று சுஹராவின் கணவன் ரஷீதைக் கேட்டாள். அவன் ஒரு ஆரஞ்சை எடுத்துச் சாய்த்துப் பிடித்து விளக்க ஆரம்பித்து, நடுவில் குழம்பி, ஆரஞ்சை உரித்து அவளிடமே கொடுத்துவிட்டான்.

ஒன்பதாம் நாள் சுஹராவுக்குப் பெண் பிறந்தது. மைமூனா மூன்று மாதம் இருந்தாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தாள், தங்கைக்குப் பத்தியம் சமைத்தாள், மாடி வீட்டு அம்மாளுக்கு வறுத்த இறைச்சியைப் பழக்கிவிட்டாள். ஏலியம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை லீட்ஸிலிருந்து ரயிலில் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள், குளிர்காலத்தில் இங்கே எப்படி இருக்கும் என்று ரஷீதிடம் கேட்டாள். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்றான் அவன்.

"அப்ப நோன்பு மாசம் டிசம்பர்ல வந்தா?"

"மதியச் சாப்பாட்ட கொஞ்சம் தள்ளிப் போட்ட மாதிரிதான் இத்தாத்தா."

"விமானத்துல வந்தா?"

ரஷீத் செல்போனை எடுத்து எதையோ பார்த்தான். "நோன்பு மாசம் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள்தான் முன்னால நகருது. டிசம்பருக்கு வந்து சேரப் பதிமூணு பதினாலு வருஷம் ஆகும்."

"ஆகட்டும்" என்றாள் மைமூனா. பிறகு பெட்டியைக் கட்ட உள்ளே போனாள்.